துணையை இழந்தவரே முதல் சந்தேக நபர்

நம் நாளிதழ்களில் வரும் வீட்டுக் கொலைச் செய்திகளுக்கு ஏறக்குறைய ஒரே அச்சு. மனைவி இறந்து கிடப்பதாகக் கணவர் காவல் நிலையத்தில் தகவல் சொல்கிறார். போலீசார் கேட்கும் கேள்விகளுக்கு முன்னுக்குப் பின் முரணாகப் பதில் அளிக்கிறார். சந்தேகம் வலுக்கிறது. பிறகு கிடுக்கிப்பிடி விசாரணை, மறுநாள் பரபரப்பு வாக்குமூலம். இறந்தவர் ஆணாக இருந்தால் மனைவியின் நடத்தை தலைப்பிலேயே ஏறிவிடும். டீக்கடையில் அந்தச் செய்தியைப் படித்து முடிப்பவருக்கு வழக்கும் அங்கேயே முடிந்துவிடுகிறது. மூன்று நான்கு ஆண்டு கழித்து அமர்வு நீதிமன்றத்தில் அது என்ன ஆனது என்று எழுதும் நிருபரைக் காண்பது அபூர்வம்.

இப்படி வரும் செய்திகளில் கணிசமானவை உண்மையாகவும் இருக்கக்கூடும். இந்தப் பொருளைப் பற்றி எழுதுவதைக் கடினமாக்குவது அதுதான். கட்டியவர் மீது சந்தேகப்படுவதே தவறு என்று சொல்லிவிட்டு நகர முடியாது. அப்படிச் சந்தேகப்படாத காலத்தில் எத்தனையோ பெண்களின் சாவு விபத்துக் கணக்கில் எழுதி மூடப்பட்டிருக்கிறது. வாழ்க்கைத் துணையிடமிருந்து புலனாய்வைத் தொடங்குவது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் தொடங்குவதற்குக் காரணமாக இருந்த அந்தச் சந்தேகத்தையே சாட்சியமாக எண்ணிக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த எல்லை நடைமுறையில் எவ்வளவு சுலபமாக அழிந்துபோகிறது என்பதற்கு இங்கிலாந்து, அமெரிக்கா, இந்தியா என மூன்று நாட்டு வழக்குகளும் சாட்சி.

முதலில் போலீசாரின் பக்கத்து நியாயம். போதைப்பொருள், குற்றம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஐ.நா. அலுவலகத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் உலகில் கொலையுண்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர். அவர்களில் 51,100 பேரைக் கொன்றவர்கள் துணைவரோ குடும்பத்தாரோதான். நாளொன்றுக்கு 140 பேர், நூற்றுக்கு அறுபது பேர். கொல்லப்பட்ட ஆண்களில் இப்படி நெருங்கியவர் கையால் இறந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்கூட இல்லை. ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2013இல் வெளியிட்ட ஆய்வு துணைவரை மட்டும் தனியாகக் கணக்கிட்டது. அதில் கொலையுண்ட பெண்களில் நூற்றுக்கு 38 பேருக்கு மேல் துணைவரால் இறந்தவர்கள். ஆண்களில் ஆறு பேர். ஆகவே பெண் கொல்லப்பட்டால் கணவரைப் பார் என்று பயிற்சி பெற்ற காவலர் அனுபவத்தின் பேரில்தான் பார்க்கிறார். அதே வேகத்தில் இறந்த கணவனின் மனைவியைச் சந்தேகிப்பதற்கு இந்த எண்களில் அவ்வளவு ஆதரவு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இந்தச் சந்தேகம் தாமதமாக வந்த ஒன்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தி வராத வாரமில்லை. சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு போன்ற இடங்களுக்குப் புதிதாகக் கல்யாணமான பெண்கள் உடல் கருகி வந்தபடி இருந்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு மருமகளை மட்டும் பார்த்து எப்படி வெடிக்கிறது, அதே அடுப்பில் சமைக்கும் மாமியாருக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகே சட்டம் அசைந்தது. 1983இல் கணவர் வீட்டாரின் கொடுமை தனிக் குற்றமானது. 1986இல் வரதட்சணை மரணம் என்ற குற்றமும், அதையொட்டிய சட்டபூர்வ அனுமானமும் வந்தன. இன்றும் மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கிறது. அந்த விசாரணையில் பெண்ணின் அப்பாவும் அண்ணனும் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் ஒரு பக்கமும், மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு பக்கமுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்துக்கிடப்பார்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகள் முன்பே கேட்கப்பட்டிருந்தால் பல பெண்கள் பிழைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கணவரைச் சந்தேகிக்காமல் விடுவதும் அப்பாவிகளைப் பலி வாங்கும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் உதாரணம். 1989 அக்டோபரில் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் தன் காரிலிருந்து அவசர உதவிக்கு அழைத்தார். கறுப்பினத்தவர் ஒருவர் தன்னையும் கர்ப்பிணி மனைவியையும் சுட்டுவிட்டார் என்றார். அவர் வயிற்றிலும் குண்டு பாய்ந்திருந்ததால் யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. மனைவி இறந்தார், அறுவை மூலம் எடுக்கப்பட்ட குழந்தையும் சில நாளில் இறந்தது. போலீசார் மிஷன் ஹில் பகுதியில் புகுந்து கறுப்பின இளைஞர்களைத் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். கொலையாளி என்று ஒருவரைப் பார்த்து ஸ்டூவர்ட் அடையாளமும் காட்டினார். கடைசியில் அவருடைய சொந்தத் தம்பியே உண்மையைச் சொல்ல, 1990 ஜனவரி 4 அன்று ஸ்டூவர்ட் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து இறந்தார். தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட இருவரிடம் பாஸ்டன் மேயர் மன்னிப்புக் கேட்டது 2023இல்.

எண்கள் இவ்வளவு சொல்கின்றன என்றால் அவற்றையே நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாமே என்று தோன்றும். முன்னாள் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கில் அந்த முயற்சி தலைகீழாக நடந்தது. முன்னாள் மனைவியை அடித்த பழக்கம் அவருக்கு இருந்ததை அரசுத் தரப்பு காட்டியபோது, மனைவியை அடிப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட அவளைக் கொல்வதில்லை என்று எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஆலன் டெர்ஷோவிட்ஸ் வாதிட்டார். புள்ளியியல் அறிஞர் ஐ.ஜே. குட் 1995இல் ‘நேச்சர்’ இதழில் அதற்கு மறுப்பு எழுதினார். அந்தப் பெண் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டாள். அடிபட்ட பெண் கொலையுண்டு கிடக்கும்போது கொன்றவர் அடித்தவராகவே இருப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் கிகெரென்சர் பின்னர் இதை எளிமையாக்கினார். அமெரிக்காவில் துணைவரிடம் அடிபடும் பெண்கள் ஒரு லட்சம் பேரில் ஓராண்டில் 45 பேர் கொலையாகிறார்கள் என்றால், 40 பேரைக் கொல்பவர் அந்தத் துணைவர்தான்.

இந்தக் கணக்கு டெர்ஷோவிட்ஸின் வாதத்தை உடைத்துவிடுகிறது. கூடவே இன்னொன்றையும் சொல்கிறது. மீதி ஐந்து பெண்களைக் கொன்றவர் வேறு யாரோ. எண்ணை மட்டும் நம்பி 45 கணவர்களையும் சிறைக்கு அனுப்பினால் ஒன்பது பேரில் ஒருவர் குற்றமற்றவர். அந்த ஐவரும் மனைவியைப் பறிகொடுத்தவர்கள். நாற்பது பேரோடு அவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல் பிரித்தெடுப்பதற்குத்தான் தடயம், சாட்சி, விசாரணை எல்லாம் இருக்கின்றன.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மைக்கேல் மார்ட்டனுக்கு நேர்ந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். 1986 ஆகஸ்ட் 12 அவருடைய பிறந்தநாள். மனைவி கிறிஸ்டீனோடும் மூன்று வயது மகனோடும் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். அசதியில் மனைவி தூங்கிவிட்டார். மறுநாள் விடியுமுன் வேலைக்குக் கிளம்பிய மார்ட்டன், பிறந்தநாள் இரவு இப்படிப் போனதே என்ற வருத்தத்தைக் குளியலறையில் ஒரு சீட்டில் எழுதி வைத்தார். அந்தச் சீட்டின் முடிவில் மனைவிமேல் தனக்குள்ள அன்பையும் எழுதியிருந்தார். அவர் வேலைக்குப் போன பிறகு கிறிஸ்டீன் படுக்கையிலேயே அடித்துக் கொல்லப்பட்டார்.

ஷெரீப் அலுவலகம் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டது. மனைவி மறுத்ததால் ஆத்திரமடைந்து கொன்றுவிட்டார் என்ற கதை அங்கிருந்து பிறந்தது. இரைப்பையில் இருந்த உணவை வைத்து, மார்ட்டன் வீட்டில் இருந்த நேரத்திலேயே மரணம் நேர்ந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சாட்சியம் சொன்னார். அவர் அழவில்லை என்பதும் பேசப்பட்டது. 1987இல் ஆயுள் தண்டனை.

நீதிமன்றத்துக்கு வராமல் போனவற்றைப் பார்க்க வேண்டும். மூன்று வயது மகன், அம்மாவை ஒரு ராட்சசன் அடித்தான், அப்பா அப்போது வீட்டில் இல்லை என்று பாட்டியிடம் சொல்லியிருந்தான். பாட்டி அதைப் புலனாய்வு அதிகாரியிடம் தொலைபேசியில் சொல்ல, அந்த உரையாடல் எழுத்தில் பதிவானது. பச்சை நிற வேன் ஒன்றை வீட்டுக்குப் பின்புறம் நிறுத்திவிட்டு ஒருவர் மரங்களுக்குள் நடந்து போனதை அக்கம்பக்கத்தார் பார்த்துப் போலீசிடம் சொல்லியிருந்தார்கள். இவை எதுவும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கைக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் சுமார் நூறு கெஜ தூரத்தில், கட்டட வேலை நடந்த இடத்தில், இரத்தக்கறை படிந்த கைக்குட்டை ஒன்று கிடந்தது. அதைக் கண்டெடுத்துக் கொடுத்தவர் கிறிஸ்டீனின் சகோதரர், போலீசார் அல்லர்.

அந்தக் கைக்குட்டையை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்ப மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஆண்டுக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தது. கடைசியில் 2011இல் சோதித்தபோது கிறிஸ்டீனின் இரத்தத்தோடு வேறொரு ஆணின் டி.என்.ஏ. கிடைத்தது. ஏற்கெனவே குற்றப் பின்னணி கொண்ட மார்க் நார்வுட் என்பவருடையது அது. அவர் 1988 ஜனவரியில் ஆஸ்டின் நகரில் இன்னொரு பெண்ணையும் அதே விதமாக, அவள் படுக்கையிலேயே அடித்துக் கொன்றிருந்தார். மார்ட்டனைப் பிடித்ததோடு தேடலை நிறுத்திவிட்டதால் அந்தப் பெண்ணின் உயிரும் போனது. ஏறக்குறைய 25 ஆண்டுகள் சிறையில் கழித்துவிட்டு மார்ட்டன் வெளியே வந்தபோது, அப்பாதான் அம்மாவைக் கொன்றார் என்ற நம்பிக்கையோடு வளர்ந்து, பெயரையே மாற்றிக்கொண்ட மகன் முன்னால் நின்றார். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் கென் ஆண்டர்சன் இதற்கிடையே நீதிபதியாகியிருந்தார். 2013இல் நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்குப் பத்து நாள் சிறை கிடைத்தது. வழக்கறிஞர் உரிமத்தையும் விட்டுக்கொடுத்தார். பத்து நாளையும் இருபத்தைந்து ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கொதிக்கிறது.

இதில் யாரும் பொய்ச் சாட்சி ஜோடித்ததாகத் தெரியவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கணவர்தான் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. அதற்குப் பொருந்தியவை கோப்பில் ஏறின, பொருந்தாதவை ஓரங்கட்டப்பட்டன.

துணைவர் மேல் விழும் சந்தேகத்துக்கென்றே சில இயல்புகள் உண்டு. அந்நியர் ஒருவரின் கைரேகை வீட்டில் கிடைத்தால் அது தடயம். கணவரின் கைரேகை எங்கே இருந்தாலும் அதற்குப் பொருளில்லை; அவர் அந்த வீட்டில் வாழ்கிறார். தலைமுடி, வியர்வை, சட்டையில் ஒட்டிய இரத்தம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். மனைவியைத் தூக்கி மடியில் கிடத்தியவர் சட்டையில் இரத்தம் இல்லாமல் எப்படி இருக்கும்? வழக்கமாக அப்பாவியைக் காப்பாற்றும் அறிவியல் தடயம் இங்கே கைவிட்டுவிடுகிறது. அந்த இடத்தில் வந்து உட்கார்வது குணநலம் பற்றிய ஆராய்ச்சி. போன மாதம் சண்டை நடந்ததா? காப்பீடு எடுத்திருக்கிறாரா? போனில் யாரோடு பேசினார்? எந்தக் குடும்பத்தைக் கிளறினாலும் இவற்றில் ஒன்று கிடைக்கும். சண்டை போடாத தம்பதி யார்? பக்கத்து வீட்டுக்காரர்களை விசாரித்தால், ‘அடிக்கடி சத்தம் கேட்கும் சார்’ என்று சொல்ல ஒருவராவது இருப்பார்.

அடுத்தது கண்ணீர். நம் ஊர்களில் சாவு வீடு ஊரே பார்க்கும் மேடை. ஒப்பாரி வைக்கும் பெண்கள் வந்து விழுந்து கட்டிக்கொள்ளும்போது கணவர் எப்படி இருந்தார், கண் கலங்கியதா, யாரிடம் தண்ணீர் கேட்டார், எப்போது சாப்பிட்டார் என்று அத்தனையும் பல கண்களில் பதிவாகும். ‘கல்லு மாதிரி நின்னான்’ என்ற ஒரு வாக்கியம் பிறகு காவல் நிலையத்தில் எடையேறிவிடும். விழுந்து புரண்டு அழுதாலும் ‘ரொம்ப நடிச்சான்’ என்பார்கள். துக்கத்துக்கு ஒரே முகம் கிடையாது. அதிர்ச்சியில் உறைந்துபோகிறவர்கள் உண்டு. நிறையப் பேசுகிறவர்கள் உண்டு. இரண்டு நாள் கழித்துத் திடீரென உடைந்து அழுகிறவர்களும் உண்டு. தூக்கமில்லாமல், குழந்தையை எங்கே விடுவது என்று தெரியாமல் நிற்கும் ஒருவரிடம் ஒரே சம்பவத்தை நான்கு அதிகாரிகள் நான்கு முறை கேட்டால் பதில் முன்னுக்குப் பின் முரணாகத்தான் வரும்.

1931 ஜனவரியில் லிவர்பூலில் வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ் என்ற காப்பீட்டு முகவர் இதைத்தான் அனுபவித்தார். ‘குவால்ட்ரோ’ என்ற பெயரில் யாரோ அவருடைய சதுரங்க மன்றத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, மறுநாள் மாலை ஒரு முகவரிக்கு வரச் சொன்னார்கள். அவர் போய்த் தேடினார். அப்படி ஒரு தெருவே இல்லை. திரும்பி வந்தபோது மனைவி ஜூலியா வீட்டு முன்னறையில் அடிபட்டு இறந்து கிடந்தார். அந்த அழைப்பைச் செய்தவரே வாலஸ்தான் என்றது போலீஸ். அவர் பதறாமல் நிதானமாக இருந்தார் என்பது அவருக்கு எதிராகப் போனது. கொலைக்குக் காரணம் என்று எதையும் காட்ட முடியவில்லை. இரத்தம் தெறித்த அந்த அறையிலிருந்து வந்தவர் என்று சொல்லும்படி அவர் உடையில் கறையும் இல்லை. சாட்சியம் போதாது என்ற தொனியில் நீதிபதி எடுத்துரைத்த பிறகும் ஜூரி ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்றது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம், சாட்சியம் இந்தத் தீர்ப்பைத் தாங்கவில்லை என்று சொல்லி அதே ஆண்டு மே மாதம் ரத்து செய்தது. அங்கே அந்தக் காரணத்துக்காகக் கொலைத் தீர்ப்பு ஒன்று ரத்தானது அதுவே முதல்முறை. விடுதலையான வாலஸை ஊர் விடுதலை செய்யவில்லை. 1933இல் அவர் இறந்துபோனார்.

திமோதி எவன்ஸுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. சரியாக எழுதப் படிக்கத் தெரியாத இந்த இளைஞரின் மனைவியும் கைக்குழந்தையும் 1949இல் லண்டனில் ரில்லிங்டன் பிளேஸ் பத்தாம் எண் வீட்டில் கொலையுண்டார்கள். போலீசாரிடம் அவர் ஒன்றுக்கொன்று முரணான வாக்குமூலங்கள் கொடுத்தார். கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டிதான் காரணம் என்று நீதிமன்றத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அந்தக் கிறிஸ்டிதான் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி. 1950 மார்ச்சில் எவன்ஸ் தூக்கிலிடப்பட்டார். மூன்று ஆண்டு கழித்து அதே வீட்டின் சுவருக்குள்ளும் தோட்டத்திலும் பெண்களின் உடல்கள் கிடைத்தன. எவன்ஸின் மனைவியைக் கொன்றதையும் கிறிஸ்டி ஒப்புக்கொண்டார். எவன்ஸுக்கு அரச மன்னிப்பு கிடைத்தது 1966இல், அவர் இறந்து பதினாறு ஆண்டுக்குப் பிறகு.

குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற கோட்பாடு பொதுவானது, எல்லா வழக்குக்கும் உரியது. ஆனால் அதன் மிக உறுதியான வடிவங்கள் மனைவியைக் கொன்றதாகக் கணவர் மேல் வந்த வழக்குகளில்தான் உருவாயின என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 1934 டிசம்பரில் இங்கிலாந்தின் டார்செட் பகுதிப் பண்ணைக் கூலி, 21 வயது ரெஜினால்ட் வூல்மிங்டன், தாய் வீட்டுக்குப் போய்விட்ட 17 வயது மனைவியைத் திரும்ப அழைக்கப் போனார். வரவில்லை என்றால் செத்துப்போவேன் என்று மிரட்டத் துப்பாக்கியைக் காட்டினார். அது தவறிச் சுட்டுவிட்டது என்பது அவர் சொன்னது. கொன்றது உறுதியாகிவிட்டால் விபத்து என்று நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு என்று விசாரணை நீதிபதி ஜூரிக்கு அறிவுறுத்தினார். தூக்குத் தண்டனை. 1935இல் பிரபுக்கள் சபையில் சாங்கி பிரபு அதைத் தகர்த்தார். குற்றத்தை நிரூபிக்கும் கடமை அரசுத் தரப்புடையது, ஆங்கிலக் குற்றவியல் சட்டம் முழுவதிலும் ஊடும் பொன்னிழை அதுவே என்றார். மனைவி இறந்தபோது கையில் துப்பாக்கி வைத்திருந்த கணவர், இவரைவிடச் சந்தேகத்துக்குரியவர் யார்? அவருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டு என்றால்தான் அது பாதுகாப்பு.

இந்தியாவில் அதற்கு இணையானது 1984இல் வந்த சரத் பிர்திசந்த் சர்தா வழக்கு. மணமாகி நான்கே மாதத்தில், 1982 ஜூனில், புனே நகரில் அவருடைய இளம் மனைவி சயனைடு விஷத்தால் இறந்தார். விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதிக்க, பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஜோலார்பேட்டையிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை உயர்ந்த நீதிபதி அ. வரதராஜனும் அந்த அமர்வில் இருந்தார். சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க வேண்டுமானால் நிறைவேற வேண்டிய ஐந்து நிபந்தனைகளை அந்தத் தீர்ப்பு வகுத்தது. செய்திருக்கலாம் என்பது போதாது, செய்தே இருக்க வேண்டும் என்ற நிலை வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன விளக்கம் பொய்யாகவே இருந்தாலும், விடுபட்ட கண்ணியாக அதைப் பயன்படுத்த முடியாது. இந்தத் தீர்ப்பை இன்றும் இந்திய நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டாத நாள் இருக்காது.

மனைவியர் மேல் விழும் சந்தேகத்துக்கு வேறு ஒரு நிறம் உண்டு. 1889இல் லிவர்பூலில் புளோரன்ஸ் மேபிரிக் என்ற பெண், கணவருக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். கணவரே ஆர்சனிக் சாப்பிடும் பழக்கம் உள்ளவர் என்ற சாட்சியம் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேறோர் ஆணோடு உறவு இருந்தது. நீதிபதி தம் எடுத்துரைப்பில் அதைப் பெரிதாக்கினார். ஒழுக்கம் கெட்டவள் என்றால் கொலையும் செய்திருப்பாள் என்று ஜூரி முடிவு கட்டியது. தூக்கு, ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1904இல்தான் அவர் வெளியே வந்தார். அந்த நீதிபதி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் அவரே. போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று நமக்கு எழுதிக்கொடுத்த அறிவாளிக்கே, கணவனை இழந்த பெண்ணின் படுக்கையறையைத் தாண்டிப் பார்க்க முடியவில்லை. ‘கள்ளக்காதல்’ என்று கொட்டை எழுத்தில் போடும் நம் செய்தித்தாள்கள் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கின்றன.

அந்தச் சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 109ஆம் பிரிவு, இங்கே முக்கியமானது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய உண்மையை அவரே நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பூட்டிய வீட்டில், இரவில், கணவரும் மனைவியும் மட்டும் இருந்தபோது மனைவி கொல்லப்பட்டால் என்ன நடந்தது என்று கணவர்தானே சொல்ல வேண்டும்? 2006இல் திரிமுக் மாரோத்தி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. விளக்கம் தராவிட்டாலோ பொய் விளக்கம் தந்தாலோ அது சங்கிலியில் கூடுதல் கண்ணி ஆகும் என்றது. நான்கு சுவருக்குள் நடக்கும் கொலைக்குச் சாட்சி எங்கே கிடைக்கும் என்ற அந்தக் கவலை நியாயமானது. நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் இந்தப் பிரிவு அரசுத் தரப்பின் சுமையைக் குறைப்பதற்காக வந்ததல்ல என்று ஷம்பு நாத் மெஹ்ரா வழக்கில் 1956இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் அரசுத் தரப்பு தன் அடிப்படையை நிறுவ வேண்டும்: இறந்தது கொலையால்தானா, அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லையா, கணவர் அங்கேதான் இருந்தாரா? 2021இல் நாகேந்திர ஷா வழக்கில், தீக்காயங்களோடு கிடந்த பெண் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்ன நிலையிலும், அதே வீட்டில் மற்றவர்களும் இருந்ததாலும் சங்கிலி முழுமையாகாததாலும் கணவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. கீழ் நீதிமன்றங்களில் இந்த வரிசை அடிக்கடி புரண்டுவிடுகிறது. நொய்டாவில் மகளையும் வேலைக்காரரையும் கொன்றதாக ஒரு பல் மருத்துவத் தம்பதியை 2013இல் தண்டித்தபோது, வீட்டுக்குள் நடந்ததை அவர்கள்தான் விளக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் பெரிதாகப் பிடித்துக்கொண்டது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதும், வேலைக்குப் போயிருந்தேன் என்பதும், எனக்குத் தெரியாது என்பதும் சில நேரம் உண்மையான விளக்கங்களாக இருக்கும்.

வரதட்சணை மரணத்துக்கான அனுமானத்தை நான் இதிலிருந்து பிரித்துப் பார்க்கிறேன். ஏழு ஆண்டுக்குள் இயற்கைக்கு மாறான சாவு, சாவதற்குச் சற்று முன்புவரை வரதட்சணைக் கொடுமை என்ற இரண்டையும் அரசுத் தரப்பு நிரூபித்த பிறகே அந்த அனுமானம் எழுகிறது. கொடுமை என்பது சாட்சியத்தால் நிறுவப்பட்ட ஒன்று. வெறும் சந்தேகம் அன்று. அடுப்பங்கரையில் எரிந்துபோன பெண்கள் கொடுத்த விலைக்கு வந்த சட்டம் அது. அதைத் தளர்த்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2025 ஏப்ரலில் கர்நாடகத்தின் குடகு மாவட்டத்திலிருந்து வந்த செய்தி இந்த முழு விவாதத்தையும் உலுக்கிவிட்டது. பழங்குடிக் கூலித் தொழிலாளி ஒருவர், மனைவியைக் காணவில்லை என்று தானே புகார் கொடுத்தார். பெரியபட்டணம் வட்டத்தில் பெட்டதபுரம் பகுதியில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அது அவர் மனைவியுடையது, கொன்றவர் அவர் என்று வழக்குப் போட்டார்கள். டி.என்.ஏ. முடிவு வருமுன்பே குற்றப்பத்திரிகை தாக்கலானது. முடிவு வந்தபோது பொருந்தவில்லை. அப்போதும் வழக்கு நின்றுவிடவில்லை. ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்துவிட்டு அவர் ஜாமீனில் வந்தார். பிறகு அவருடைய நண்பர்கள், மடிக்கேரியில் ஓர் ஓட்டலில் அந்தப் பெண் உயிரோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தார்கள். மைசூரு நீதிமன்றத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் வழக்கு விழுந்தது. இது தனி நிகழ்வும் இல்லை. 2015இல் உத்தரப் பிரதேசத்தின் விருந்தாவனத்தில் காணாமல் போன பெண்ணைக் கொன்றதாகக் கணவரும் அவர் நண்பரும் சிறை சென்றார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பெண் ராஜஸ்தானில் உயிரோடு கிடைத்தார். இரு வழக்கிலும் யாரோ ஒருவரின் உடலுக்கு வேறொருவர் மனைவியின் பெயர் சூட்டப்பட்டது. இறந்து கிடந்தவர் உண்மையில் யார், அவரைக் கொன்றது யார் என்ற தேடல் அதோடு நின்றுபோனது. மார்ட்டன் வழக்கில் ஆஸ்டின் பெண்ணுக்கு நேர்ந்த அதே அநீதி.

செய்தி ஊடகத்தின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. 1954இல் ஓஹையோ மாநிலத்தில் டாக்டர் சாம் ஷெப்பர்டின் மனைவி கொல்லப்பட்டபோது, கிளீவ்லாந்தின் நாளிதழ் ஒன்று அவரை ஏன் இன்னும் கைது செய்யவில்லை என்று முதல் பக்கத்திலேயே தலையங்கம் தீட்டியது. தண்டனை பெற்றுப் பதினோரு ஆண்டுக்குப் பிறகு, 1966இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று ரத்து செய்தது. மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். நம்மிடம் நிலைமை இன்னும் மோசம். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாக நீதிபதி ஏற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதே வாக்குமூலம் மறுநாள் காலை லட்சக்கணக்கான வாசகர் கைக்கு வந்துவிடுகிறது. போலீசார் பத்திரிகையாளரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று விதிமுறை வகுக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய உள்துறைக்கு உத்தரவிட்டது. நடந்துகொண்டிருக்கும் ஒரு விசாரணையில் துணைவரின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதை அந்த விதிமுறை முதலில் தடுக்க வேண்டும்.

புலனாய்வு அளவில் செய்ய வேண்டியவை பெரும் புரட்சி எதுவும் அல்ல. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதையும், சோதனையையும் கைப்பற்றுதலையும் காணொளியில் பதிவதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அதோடு விசாரணை அறையில் கணவரிடமோ மனைவியிடமோ கேட்கும் முதல் கேள்வியிலிருந்து பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் முன்னுக்குப் பின் முரண் என்பது எதில், எத்தனையாவது மணி நேரத்தில் வந்தது என்று நீதிபதி பார்க்க முடியும். உடல் யாருடையது என்ற டி.என்.ஏ. முடிவு வராமல் கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கூடாது. துணைவரைத் தவிர வேறு யார் யாரை விசாரித்தோம், எந்தக் காரணத்தால் விலக்கினோம் என்று புலனாய்வு அதிகாரி எழுத்தில் தர வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. மார்ட்டன் விடுதலைக்குப் பிறகு டெக்சாஸ் சட்டமன்றம் 2013இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. அரசுத் தரப்பிடம் உள்ள கோப்பு, தனக்குச் சாதகமானதோ பாதகமானதோ, எதிர்த்தரப்புக்குத் திறந்து காட்டப்பட வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். நம் உச்ச நீதிமன்றமும் 2021இல் குற்ற வழக்கு நடைமுறைக்கான வரைவு விதிகளில், கைப்பற்றியும் வழக்கில் பயன்படுத்தாத ஆவணங்கள், பொருட்கள், வாக்குமூலங்களின் பட்டியலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று சேர்த்தது. பாட்டியிடம் குழந்தை சொன்னதும், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த வேனும் அப்படிப்பட்ட பட்டியலில்தான் இருக்கும். குடும்பக் கொலை வழக்கில் ஆஜராகும் வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே அந்தப் பட்டியலைக் கேட்டு மனுப் போட வேண்டும். அரசு வழக்கறிஞர் அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.